ஆஸ்திரிய நாடாளுமன்றம் 1933ல் தானாகவே முடங்கியதா?

"தன்னைத்தானே முடக்கிக்கொண்டது என்று படித்தேன், சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அது அன்றைய சான்சலர் (பிரதமர்) டோல்ஃபுஸின் அரசு கிளப்பிவிட்ட பேச்சு. இத்தனை வருஷம் கழித்தும் அதையே வரலாறு என்று எழுதுவதைப் பார்த்தால் கோபம் வருகிறது.

முதலில் கணக்கு. மொத்தம் 165 இடங்கள். டோல்ஃபுஸ் கூட்டணிக்கு 83, எதிரே 82. ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் அரசின் பெரும்பான்மை போய்விடும். மார்ச் மாதச் சம்பளத்தை மூன்று தவணையாகத் தருவோம் என்றதால் ரயில்வே ஊழியர்கள் மார்ச் 1 அன்று இரண்டு மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைத் தண்டிப்பதா என்பதுதான் மார்ச் 4 விவாதம். அரசு 81க்கு 80 என்று தோற்றது.

பிறகு வாக்குச் சீட்டுகளைப் பார்த்தால், ஆபிராம் என்ற எதிர்க்கட்சி (சமூக ஜனநாயக) உறுப்பினரின் பெயரில் இரண்டு. பக்கத்து உறுப்பினர் சீட்டு மாறிப் போட்டிருந்தார். ஆள் இரண்டு, வாக்கும் இரண்டு, பெயர்தான் தவறு. முடிவு செல்லும் என்றார் அவைத்தலைவர் ரென்னர். கூச்சல் எழுந்தது. தலைவர் இருக்கையில் இருப்பவருக்கு வாக்கு இல்லை என்பதால், தன் சமூக ஜனநாயகக் கட்சிக்கு ஒரு வாக்கு கூடட்டும் என்று ரென்னர் விலகினார். அடுத்து வந்த இரண்டாம் அவைத்தலைவர் ராமெக் மறுவாக்கெடுப்பு என்றார், மறுபடி அமளி, அவரும் விலகினார். மூன்றாமவர் ஸ்ட்ராஃப்னரும் உடனே விலகிவிட்டார். கூட்டத்தை முறைப்படி முடித்துவைக்க ஆளில்லை. மூவரும் போனால் என்ன செய்வது என்று விதியும் இல்லை.

"அப்படியானால் ரென்னர் மேல்தானே தவறு?" என்று சண்டைக்கு வருவார்கள். அவர் விலகியது பெரும் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு நாளில் சரிசெய்யக்கூடிய விதிச் சிக்கல். ஸ்ட்ராஃப்னர் மார்ச் 15 அன்று அவையைக் கூட்டினார். தடுக்க அரசு போலீஸை அனுப்பியது. தானாக முடங்கிய அவைக்குப் போலீஸ் எதற்கு?

அவை இல்லாமல் ஆள்வதற்கு டோல்ஃபுஸ் எடுத்த கருவி 1917ன் போர்க்காலப் பொருளாதார அதிகாரச் சட்டம். முடியாட்சி போன பிறகும் யாரும் ரத்து செய்யாமல் விட்டது. 1931 மே மாதம் 14 கோடி ஷில்லிங் இழப்பை அறிவித்த கிரெடிட்அன்ஸ்டால்ட் வங்கி விவகாரத்தில், 1932 அக்டோபரிலேயே அதை ஒருமுறை பயன்படுத்திப் பார்த்துவிட்டார்கள். பொருளாதாரத்துக்கென வந்த அந்தச் சட்டத்தை வைத்து இப்போது பத்திரிகைத் தணிக்கை, கூட்டத் தடை. வழக்குப் போடலாமே என்றால், அரசியல் சட்ட நீதிமன்றத்தில் ஆளுங்கட்சி சார்ந்த உறுப்பினர்களை விலகச் செய்து, மே மாதம் ஓர் ஆணையால் அதையும் அமரவிடாமல் செய்தார்கள். அரசைப் பதவிநீக்க ஜனாதிபதி மிக்லாஸுக்கு அதிகாரம் இருந்தது. அவர் அசையவில்லை.

இன்னொன்று. இந்தக் காலம் என்றாலே "பணவீக்கம்தான் ஜனநாயகத்தைக் கொன்றது" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். ஆஸ்திரியாவில் பணவீக்கம் 1922லேயே நின்றுவிட்டது. 1933ல் இருந்தது வங்கிச் சரிவு, சம்பள வெட்டு, வேலையின்மை.

இன்றைய அவை விதிப்படி, மூன்று தலைவர்களும் இல்லாவிட்டால் வயதில் மூத்த உறுப்பினர் அவையை நடத்துவார். அன்று தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான்.