பழைய கருமருந்து ரைஃபிளில் குண்டு சிதறினால் குழலை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் கருமருந்துத் தோட்டா (பழைய காலக் கறுப்பு வெடிமருந்து அடைத்த தோட்டா) போட்டுச் சுடும் 19-ஆம் நூற்றாண்டு ரைஃபிள் ஒன்று இருக்கிறது. 100 கஜத்தில்கூடக் குண்டுகள் சிதறுகின்றன. குழல் தேய்ந்துவிட்டது, மாற்று என்கிறார்கள். மாற்றலாமா?

தயவுசெய்து மாற்றாதீர்கள். நானும் கிட்டத்தட்ட மாற்றப் போனவன், அதனால்தான் எழுதுகிறேன். விரிசலோ ஆழமான துருவோ இல்லை என்று தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். கடையில் சுலபமாகக் கிடைக்கும் .458 அங்குலக் குண்டைத்தான் போட்டுச் சுடுகிறீர்கள் என்பதும் என் ஊகம். இரண்டு வருடம் நானும் அதைத்தான் செய்தேன்.

என்னுடையது மார்ட்டினி ஹென்றி. பிரிட்டிஷ் ராணுவம் 1871-இல் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. 85 கிரெயின் (கிரெயின் என்பது சின்ன எடை அளவு) கருமருந்து, 480 கிரெயின் ஈயக் குண்டு. பத்து தடவை சுட்டால் ஆறுதான் தாளில் விழும். அதிலும் இரண்டு, வட்டமாகத் துளைக்காமல் நீளவாக்கில் கிழித்துக்கொண்டு போயிருக்கும். குண்டு சுழலாமல் புரண்டு புரண்டு போகிறது என்று அர்த்தம். பார்த்தவர்கள் எல்லோரும் குழலைத்தான் குறை சொன்னார்கள். அளந்து பார்த்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் நானே அளந்தேன். குழலின் துளையைவிடக் கொஞ்சம் பெரிய மெத்தென்ற ஈய உருண்டையில் எண்ணெய் தடவி, மரக்குச்சியால் மெல்லத் தட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளினேன். உள்ளே இருக்கும் சால்களின், அதாவது குண்டைச் சுழல வைக்கும் சுருள் பள்ளங்களின், அச்சு அப்படியே ஈயத்தில் பதிந்து வரும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஹென்றி குழலில் ஏழு சால். ஒற்றைப்படை என்பதால் ஒரு மேட்டுக்கு நேர் எதிரே பள்ளம்தான் வரும்; வெர்னியர் அளவுகோலை அப்படியே வைத்தால் அளவைக் குறைத்துக் காட்டும். தடிமன் தெரிந்த மெல்லிய தகட்டை ஒரு சுற்றுச் சுற்றி அளந்து, அந்தத் தடிமனை இரண்டு மடங்காகக் கழித்தேன். வந்த எண் 0.466 அங்குலம். நான் போட்டுக்கொண்டிருந்த குண்டு சால்களைத் தொடவே இல்லை. தேய்மானமும் இல்லை, ஒன்றும் இல்லை.

பிறகு 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் சேர்த்து, 0.468 அளவில் குண்டு வார்த்தேன். முதல் ஐந்தும் உள்ளங்கைக்குள் அடங்கின. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் எட்டாவது குண்டிலிருந்து மறுபடியும் சிதறல். இது வேறு வியாதி. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் திடப்பொருளாகவே மிஞ்சும். குழலுக்குள் துணியை விட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போன துணி கடைசி ஆறு அங்குலத்தில் உப்புத்தாளில் இழுப்பதுபோல் கரகரத்தது. கசடை இளக்கக் குண்டில் தடவிய பசை அதுவரை போய்ச் சேரவில்லை. பெட்ரோலிய கிரீஸை விட்டுவிட்டு, தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பசைக்கு மாறினேன். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழலின் பின் அடைப்பைத் திறந்து, தோட்டா இருக்கும் அறை காலி என்று கண்ணால் பார்த்து, பின்பக்கத்திலிருந்து ஒரு குழாய் வைத்து மூன்று நான்கு முறை நிதானமாக ஊதுகிறேன். மூச்சின் ஈரத்தில் கசடு இளகிவிடும். பசை போதுமா என்பதைக் குழல் வாயே சொல்லும்: சுற்றிலும் நட்சத்திரம் மாதிரி ஈரப்பசை தெரிந்தால் போதும்.

ஊதினால் துருப்பிடிக்கும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். துருவுக்குக் காரணம் கழுவாமல் விடுவது. அன்றே வெந்நீரால் கழுவித் துடைத்து எண்ணெய் போடுங்கள். ஐந்து குண்டை வைத்துப் பேசுகிறான் என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், நாற்பது குண்டு தொடர்ந்து சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பழசில் குறி இருக்காது என்பதும் வெறும் பேச்சு. 1874-இல் நியூயார்க்கின் கிரீட்மூரில் அயர்லாந்து அணியை அமெரிக்க அணி 934–931 என்று வென்றது; தூரம் 800, 900, 1000 கஜம். ரெமிங்டன், ஷார்ப்ஸ் நிறுவன ரைஃபிள்கள் கருமருந்துத் தோட்டாவில் சுட்ட குறி அது.

இரண்டு விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். புகையில்லா மருந்தை, அதாவது இன்றைய துப்பாக்கிகளின் வெடிமருந்தை, இதில் போடவே கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலியிடமும் இருக்கக் கூடாது; குழலே வீங்கிவிடும்.

கேட்காததையும் சொல்கிறேன், மனசு ஆறவில்லை. ஸ்பிரிங் மாற்ற மட்டும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் "அழகாக இருக்கட்டும்" என்று துப்பாக்கியின் மரக்கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். ராணுவ முத்திரையும், எந்தச் சிப்பாயோ கத்தியால் கீறியிருந்த இரண்டு எழுத்தும் போயே போய்விட்டன. நூறு வருடத்துக்கு மேல் தாங்கிய கீறல் அது. பழுதுக்குக் கொடுத்தால், கட்டையைத் தொடாதே என்று எழுதிக் கொடுங்கள்.

முதலில் ஈயத்தைத் தள்ளி அளங்கள். வந்த அளவையும், உங்கள் குழலில் எத்தனை சால் என்பதையும் கீழே எழுதுங்கள். குண்டு வார்க்க எந்த அளவு அச்சு வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.