ஹாங்ஜோவிலிருந்து லூ ஷுன் வீடு: அரை நாள் போதுமா?

அரை நாள்தான் இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு, சீன எழுத்தாளர் லூ ஷுன் வாழ்ந்த வீடு இருக்கும் ஷாவ்ஷிங் நகருக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஹாங்ஜோ கிழக்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் 20 நிமிடம்தான். ஆனால் ஷாவ்ஷிங் வடக்கு நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து டாக்சி எடுத்துவிடுங்கள். ரயிலுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம்.

லூ ஷுன் வீட்டில் ஒவ்வொரு அறையாகப் பார்க்க வேண்டியதில்லை. 1919-இல் அவர் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு பெய்ஜிங் போய்விட்டது. இப்போது இருப்பதில் நிறையப் பகுதி பிற்பாடு சீரமைத்ததுதான். அப்புறம், பழைய சீன வீடுகளில் மரவாசற்படி உயரமாக இருக்கும். அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தவறவிடக் கூடாதது எதிரே இருக்கும் அவர் படித்த பள்ளிக்கூடம், சான்வெய் ஷூவூ. ஒருநாள் தாமதமாக வந்து ஆசிரியரிடம் திட்டு வாங்கிய சிறுவன் லூ ஷுன், மேசையில் 'சீக்கிரம்' என்று பொருள்படும் ஓர் எழுத்தைச் செதுக்கினாராம். அந்த மேசை அங்கேதான், அறையின் மூலையில். லூ ஷுன் வீட்டின் பின்பக்கத் தோட்டம் வெறும் காய்கறிக் கொல்லைதான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கால் வலித்தால் அம்மாவைக் கறுப்புக் கூரைப் படகில் உட்கார வையுங்கள். படகோட்டி காலாலேயே துடுப்புப் போடுவதை அவர் கண் கொட்டாமல் பார்ப்பார்!