பால் கவர் எந்தக் கூடையில்? குப்பைக் கேள்விகளுக்குப் பதில்

குப்பை தரம் பிரிக்கும் கொட்டகை ஒன்றில் சில வருடம் மேற்பார்வை பார்த்தவள் என்பதால், இந்த வாரக் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். வந்ததில் பாதி கேள்வி, பாதி கோபம். கோபத்துக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, மக்கும் குப்பைக்குப் பச்சைக் கூடை, மக்காததற்கு நீலக் கூடை என்று நாங்கள் ஒழுங்காகப் பிரிக்கிறோம். வண்டிக்காரர் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுப் போகிறார். அப்புறம் எதற்குப் பிரிக்கணும்?

இதே கேள்வியை ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயமானது. ஆனால் வண்டியின் பக்கம் நின்றும் கொஞ்சம் பாருங்கள். தெருவில் பத்து வீட்டில் ஆறு வீடு கலந்து கொடுத்தால், மீதி நாலு வீட்டுக் குப்பையைத் தனியாக வைக்க வண்டியில் இடம் இருக்காது. ஒரு ஆள் லீவு என்றால், அன்றைக்கு இரண்டு தெருவையும் ஒரே ஆள் ஓட்டி முடிக்க வேண்டும். வண்டி ஓரத்தில் சாக்கு தொங்குகிறதா என்று கவனியுங்கள். விலை போகிற பாட்டில், அட்டையெல்லாம் அதில் போகும். எல்லாமே கலந்துவிடுகிறது என்று சொல்வது சரியில்லை.

நான் சொல்கிற வழி எளிது. மக்காத குப்பையைத் தினமும் கொடுக்காதீர்கள். அது நாறாது, கெடாது. ஒரு சாக்கில் போட்டு வைத்து வாரம் ஒரு தடவை கையில் கொடுங்கள். தினமும் சமையலறைக் குப்பை மட்டும் போகட்டும். கலக்கவே வழி இருக்காது. அதற்கும் மேலே கலந்தால், தேதி, நேரம், வண்டி எண்ணோடு உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் திட்டிப் பயனில்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சாம்பார் பட்ட அட்டைக்கு விலையே இல்லை. அதைப் பிரிப்பது மிஷின் இல்லை, ஒரு பெண்ணின் கை. குப்பை மேலாண்மையிலேயே வேலை செய்கிற நம்ம ஊர் வேலூர் சீனிவாசன் வருடக்கணக்காகச் சொல்லி வருவதும் இதுதான்: கலக்காத சமையலறைக் குப்பை புதிதாக வந்தால் மாட்டுக்குத் தீவனம், மிச்சம் உரம். கலந்து வந்தால் எதற்கும் ஆகாது.

பால் கவரைக் கழுவிக் கொடுக்கணுமாமே? கோடையில் குடிக்கவே தண்ணீர் பார்த்துப் பார்த்துச் செலவு பண்ணுகிறோம். (காட்பாடி)

நல்ல தண்ணீர் வேண்டாம் அம்மா. அரிசி களைந்த தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கொடியில் மாட்டினால் போதும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது பால் கவருக்கு விலக்கு கொடுத்தார்கள். அதனால் இது நம்மோடுதான் இருக்கப்போகிறது. வெட்டும்போது மூலையைத் துண்டாக வெட்டி எறியாதீர்கள். கீறிவிட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்க விடுங்கள். அந்தக் குட்டி முக்கோணத்தை யாராலும் பொறுக்க முடியாது, சாக்கடைக்குத்தான் போகும். சேர்த்து வைத்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் நீலக் கூடையில் போடுங்கள்.

சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே?

மக்காத குப்பை. பல அடுக்கு ஒட்டியது என்பதால் மறுசுழற்சிக்கு அநேகமாக உதவாது, சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும். காயலாங்கடைக்காரர் வாங்கமாட்டார், அவரோடு சண்டை போடாதீர்கள்.

மாடியில் பக்கெட்டில் உரம் போட்டேன். ஒரு மாதம் புழு, அடுத்த மாதம் காய்ந்த கட்டி. விட்டுவிடலாமா? (சத்துவாச்சாரி)

விடாதீர்கள் தம்பி. இரண்டுமே ஈரக் கணக்குதான். மழைக்காலத்தில் காய்கறிக் கழிவைப் போல இரண்டு மடங்கு காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ சேருங்கள். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் கை ஈரமாகணும், சொட்டக் கூடாது. சித்திரை வைகாசியில் நம்ம வெயிலுக்கு மொட்டை மாடியில் வைத்த பக்கெட் வறண்டுதான் போகும். உரமாக்குகிற நுண்ணுயிர் ஈரம் இல்லாமல் வேலை செய்யாது. படிக்கட்டுக்கு அடியில் நிழலில் வைத்துத் தண்ணீர் தெளியுங்கள். புளித்த மோர் ஒரு கரண்டி ஊற்றலாம். மீன், எலும்பு மட்டும் வேண்டாம், பூனை வரும். அதைப் பச்சைக் கூடையில் கொடுத்துவிடுங்கள்.

கறிக்கடையில் கருப்புக் கவருக்குப் பதிலாகத் துணி மாதிரி ஒரு பை தருகிறார்கள். அது பரவாயில்லையா? (குடியாத்தம்)

பார்க்கத்தான் துணி, ஆனால் அதுவும் பிளாஸ்டிக் இழைதான். தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. தூக்குவாளி எடுத்துப் போங்கள். மஞ்சப்பை கறிக்கு ஆகாது, காய்கறிக்குத்தான்.

வீட்டு மொட்டை மாடியில் கிரகப்பிரவேசம், இருநூறு பேருக்குப் பிரியாணி. ஏதாவது சொல்லணுமா?

சொல்லணும். 2016 திடக்கழிவு விதிகளிலேயே, அனுமதி பெற்ற மண்டபம் அல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறது. யாரும் செய்வதில்லை, அதனால்தான் மறுநாள் தெருமுனையில் மலை. வாழை இலையில் போட்டால் எல்லாம் ஒரே மக்கும் குப்பை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் கப்பும் தடை செய்யப்பட்டவை. சமையல்காரர் 'நான் பார்த்துக்கிறேன்' என்பார், நம்பாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

குழந்தை டயப்பர், நாப்கின் எதில் போடுவது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட்டு ஒளித்துப் போடுவதால்தான் பிரிக்கிறவர் கையில் அது நேராகப் படுகிறது. பேப்பரில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். 2016 விதிகளில் மூன்று வகைதான் பிரிக்கச் சொன்னார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் அமலான புதிய விதிகளில் ஈரம், உலர்ந்தது, சுகாதாரக் கழிவு (டயப்பர், நாப்கின்), தனிக்கவனக் கழிவு (பல்பு, பழைய மருந்து மாதிரி) என்று நான்கு. நாலு கூடை வைக்க இடம் எங்கே என்று ஒற்றை அறை வாடகை வீட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கூடையே வேண்டாம். கடைசி இரண்டும் எப்போதாவதுதான் சேரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பை ஆணியில் மாட்டினால் போதும்.

பாலாற்றில் லாரி லாரியாகக் கொட்டுகிறவர்களை விட்டுவிட்டு, எங்கள் வீட்டு வாழைப்பழத் தோலைப் பிடித்துக்கொண்டு என்ன பாடம்? (வாணியம்பாடி)

அண்ணா, இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. கொட்டுகிறவர்களுக்கு அபராதம் போட விதியில் இடம் இருக்கிறது, போடுவதுதான் குறைவு. போட்டோ எடுத்துப் புகார் கொடுங்கள். ஆனால் அவர்கள் கொட்டுகிறார்கள் என்று நீங்கள் தோலைக் கலந்து கொடுத்தால், லாரிக்காரருக்கு ஒன்றும் ஆகாது. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் நாற்றம்.

பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில் சருகோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்துகிறார்.

திறந்த வெளியில் எரிப்பது விதிமீறல், அது போகிப் பண்டிகையானாலும். முதலில் அந்தச் சருகை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மேலே சத்துவாச்சாரித் தம்பிக்கும் சருகுதான் வேண்டும்.

எரிந்துபோன சிஎஃப்எல் பல்பு?

அதில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல், வாங்கின அட்டைப்பெட்டியிலேயே போட்டு, தனிக்கவனப் பையில். உடைந்த கண்ணாடி என்றால் தடித்த பேப்பரில் சுற்றி, கொடுக்கும்போது வாயால் சொல்லிக் கொடுங்கள்.