ஃபுல் ஃபிரேமுக்கு மாறலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐந்து வருடமாக நிக்கான் டி5600 கேமரா வைத்திருக்கிறேன். கூடவே வந்த 18-55 லென்ஸும் பிறகு வாங்கிய 70-300 லென்ஸும் இருக்கின்றன. இரண்டும் ஏ.எஃப்-பி (உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உள்ளது), டி.எக்ஸ் (சிறிய சென்சாருக்கானது) வகை. அரங்குகளில் நடக்கும் விசேஷங்களை எடுப்பேன், விடுமுறையில் பறவைகள். அரங்குப் படங்கள் ஐ.எஸ்.ஓ (ஒளி உணர்திறன்) 6400 வரை போய்ப் புள்ளி புள்ளியாக வருகின்றன. பாதிக்கு மேல் முகமும் தெளிவில்லை. அதே இடத்தில் நண்பர் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) எடுத்தவை பளிச்சென்று இருந்தன. நிக்கானின் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸான இசட்5 பாடியும், பழைய லென்ஸ்களை அதில் பொருத்தும் எஃப்.டி.இசட் அடாப்டரும் மட்டும் வாங்கி, இருக்கிற லென்ஸ்களையே போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா?

கே.

அன்புள்ள கே.,

வேண்டாம். உங்கள் திட்டத்தில் செலவு மட்டும்தான் நிச்சயம்.

உங்கள் இரண்டு லென்ஸ்களும் அடாப்டரில் பொருந்தும், ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். ஆனால் டி.எக்ஸ் லென்ஸ் என்று தெரிந்ததும் இசட்5 தன் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். 24 மெகாபிக்சல் ஏறக்குறைய 10 ஆகிவிடும். பறவைப் படத்துக்கு இது நேரடி நஷ்டம். 300 மி.மீ.யில் இப்போது 24 மெகாபிக்சலில் கிடைக்கும் அதே காட்சி அங்கே 10 மெகாபிக்சலில் கிடைக்கும். முழு சென்சாரிலும் அதே நெருக்கம் வேண்டுமென்றால் 450 மி.மீ. லென்ஸ் வேண்டும். அதன் விலையையும் எடையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அரங்குக்கு வருவோம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 x 24 மி.மீ., உங்களுடையது சுமார் 23.5 x 15.6. பரப்பில் 2.36 மடங்கு வித்தியாசம், அதாவது ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஒரே தலைமுறை சென்சார்களுக்குள் நாய்ஸில் (நீங்கள் சொன்ன அந்தப் புள்ளிகளில்) கிடைக்கும் லாபம் அவ்வளவுதான். வாங்காமலே அதைக் கண்ணால் பார்க்கலாம். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, மங்கலான அறையில் அசையாத பொருள் ஒன்றை ஐ.எஸ்.ஓ 6400, 1/125 நொடியில் ஒருமுறையும் ஐ.எஸ்.ஓ 2500, 1/50 நொடியில் ஒருமுறையும் எடுங்கள். அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) மாற்றாதீர்கள், ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பில்) எடுங்கள். இரண்டாவது படம் முதல் படத்தைவிட எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவுதான் பெரிய சென்சார் தரப்போவது. அதற்கு அவ்வளவு பணம் தரலாமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

இனி லென்ஸ் கணக்கு. 18-55-ஐ 55-இல் வைத்தால் எஃப் 5.6-க்குமேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). 50 மி.மீ. எஃப் 1.8 அதைவிட மூன்றேகால் ஸ்டாப்புக்கு மேல், அதாவது ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சம் தரும். 6400 இருந்த இடத்தில் 640 போதும். முழுதும் திறந்தால் மூன்று மீட்டர் தொலைவில் ஃபோகஸின் ஆழம் 25 செ.மீ.தான் இருக்கும். இரண்டு பேர் முன்பின்னாக நின்றால் ஒருவர் மங்கிவிடுவார். எஃப் 2.8 வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் ஐ.எஸ்.ஓ 1600-தான். வாங்கும்போது பெயரில் ஏ.எஃப்-எஸ் (லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள வகை) இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஏ.எஃப்-டி 50 மலிவாகக் கிடைக்கும், ஆனால் டி5600-இல் மோட்டார் இல்லாததால் ஆட்டோஃபோகஸ் வராது. எஃப்.டி.இசட்டிலும் வராது. ஏ.எஃப்-எஸ் 50 மி.மீ. எஃப் 1.8ஜி ஃபுல் ஃபிரேம் லென்ஸ் என்பதால், பின்னால் மாறினாலும் வீணாகாது.

இரண்டு மூன்று வரிசையாக நிற்கும் குழுப்படத்தில் பெரிய சென்சாருக்கு ஒரு சங்கடம் உண்டு. டி5600-இல் எஃப் 4 தரும் ஆழத்தை அங்கே பெற எஃப் 6.3-க்குப் போகவேண்டும். ஐ.எஸ்.ஓவும் அதே அளவு ஏறும். ஒன்றேகால் ஸ்டாப் லாபம் அங்கேயே கரைந்துபோகும். அந்த இடத்தில் உதவுவது தலை திருப்பக்கூடிய ஃபிளாஷ். வெள்ளைக் கூரை தாழ்வாக இருந்தால் மேல்நோக்கித் திருப்பி அடியுங்கள். நிறமடித்த கூரை என்றால் அந்த நிறம் முகத்தில் ஏறும்.

முகம் தெளிவில்லை என்றீர்களே, அதை நாய்ஸோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கெட்டுப்போன 100 படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைவு. பின்னணி கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. 1/60-ஐ 1/250 ஆக்குங்கள், அதற்கு இரண்டு ஸ்டாப் வேண்டும், 50 மி.மீ. அதைத் தரும். முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவர் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. அதே காட்சியை வியூஃபைண்டரிலும் லைவ் வியூவிலும் (பின்திரையைப் பார்த்து) மாறி மாறி எடுத்துப் பாருங்கள். லைவ் வியூவில் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாக வந்தால் ஃபோகஸ் அளவீடு பிசகியிருக்கிறது. டி5600 மெனுவில் அதைத் திருத்த வழியில்லை, பாடியையும் லென்ஸையும் சேர்த்து சர்வீஸுக்குத்தான் கொடுக்கவேண்டும்.

உங்கள் நண்பரின் படங்கள் பளிச்சென்று இருந்ததற்கு சென்சாரின் அளவைவிடக் கண்ணைத் தேடிப்பிடிக்கும் ஆட்டோஃபோகஸும் நல்ல லென்ஸும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். கண்ணைப் பிடிக்கும் வசதி சிறிய சென்சார் மிரர்லெஸ்ஸிலும் வருகிறது. 100 படங்களில் பெரும்பாலானவை ஃபோகஸ் தவறியவையாக இருந்து, லைவ் வியூவில் சரியாகவும் வந்தால், நீங்கள் தேடவேண்டியது மிரர்லெஸ். ஃபுல் ஃபிரேம் அல்ல.

எஃப் 1.8 போட்ட பிறகும் 6400-க்குக் கீழே இறங்க முடியவில்லை, ஃபிளாஷுக்கும் அனுமதியில்லை என்றால் மட்டும் ஃபுல் ஃபிரேமுக்குப் போங்கள். அப்போதும் பாடியோடு சேர்த்துத் தரும் 24-50 எஃப் 4-6.3 லென்ஸோடு நின்றுவிடாதீர்கள். 50-இல் அது எஃப் 6.3. அதே கோணத்துக்கு உங்கள் 18-55 ஏறத்தாழ 33 மி.மீ.யில் நிற்கும், அங்கே எஃப் 4.5 அளவுக்குத் திறக்கும். லென்ஸில் ஒரு ஸ்டாப் போனால், சென்சார் தந்த ஒன்றேகாலில் மிஞ்சுவது கால் ஸ்டாப்.