அமெரிக்கக் கத்தோலிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் மகளைச் சேர்க்கலாமா? தியாலஜி (இறையியல்) கட்டாயமா? தென்னாப்பிரிக்கா திரும்பினால் பட்டம் செல்லுமா?

மகள் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) எழுதுகிறாள், நீங்கள் சைவக் குடும்பம், கல்லூரியின் பட்டியலில் 40 மேஜர் (முதன்மைப் பாடம்) இருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஒரே துறையோடு நிற்காமல் பல துறைகளையும் படிக்க வைக்கும் இந்த வகைக் கல்லூரியில் முதலில் பார்க்க வேண்டியது ‘கோர்’ எனப்படும் எல்லோருக்குமான பொதுப்பாடப் பகுதி. கல்லூரிக்குக் கல்லூரி பெரிதும் மாறுவது அதுதான்.

கிரெடிட் என்பது பாடத்தின் உழைப்பை அளக்கும் அலகு, பட்டத்துக்குப் பொதுவாக 120. ஒரு பாடம் 3 கிரெடிட், செமஸ்டருக்கு 5 பாடம், 8 செமஸ்டர். கோருக்கு 15 பாடம், மேஜருக்கு 12 பாடம் என்று வைத்தால் 81 கிரெடிட் போய்விடும். மிச்சம் 39, அதாவது 13 பாடம். 5, 6 பாடத்தில் ஒரு மைனரை, அதாவது துணைப்பாடத்தை, இதற்குள் முடித்துவிடலாம். இரண்டாவது மேஜரும் எடுக்கலாம், ஆனால் விருப்பப்பாடம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது. சில இடங்களில் கிரெடிட்டுக்குப் பதில் பாடத்தையே எண்ணுவார்கள். மாசசூசெட்ஸில் இயேசு சபையினர் 1843இல் தொடங்கிய ஹோலி கிராஸில் 32 பாடம், செமஸ்டருக்கு நான்கு.

மேஜரை இரண்டாம் ஆண்டு முடிவில் சொன்னால் போதும் என்பார்கள். வரலாறு, ஆங்கிலம், தத்துவம் என்றால் அது சரி. வேதியியல், உயிரியல், கணக்கியல், நர்சிங் என்றால் அதை நம்பாதீர்கள். முதல் செமஸ்டரில் பொது வேதியியல் எடுக்காதவள் இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியலில் உட்கார முடியாது. அது தள்ளிப்போனால் உயிர்வேதியியலும் தள்ளும். பல பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும், அதனால் ஒரு செமஸ்டர் பிசகு ஒரு வருடக் கட்டணமாக வந்து நிற்கும்.

தியாலஜி: பெரும்பாலும் இரண்டு பாடம் கட்டாயம், தத்துவம் இரண்டு. இது ஞானோபதேச வகுப்பு அல்ல. ஒரு நூற்பகுதியைப் படித்து, வாதத்தைப் பிரித்து, கட்டுரை எழுத வேண்டும். மதிப்பெண் கட்டுரைக்கு, நம்பிக்கைக்கு அல்ல. தேவாலயப் பூசைக்குப் போவதும் பொதுவாகக் கட்டாயமில்லை. இரண்டாவது தியாலஜிப் பாடத்தைப் பல கல்லூரிகள் ஒரு பட்டியலிலிருந்து எடுக்க விடுகின்றன, இந்து, பௌத்த மரபுகள் பற்றிய ஒப்பீட்டுப் பாடம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தேவாரம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு கிறிஸ்தவ ஞானி அகுஸ்தினார் கடவுளை நோக்கிப் பேசும் ‘ஒப்புதல்கள்’ அப்படியொன்றும் அந்நியமாக இருக்காது என்பது என் எண்ணம்.

கோர் எவ்வளவு மாறும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டு. டொமினிக்கன் சபையின் பிராவிடன்ஸ் கல்லூரியில் மேற்கத்திய நாகரிகம் பற்றிய தொடர்ப்பாடம் நான்கு செமஸ்டர் ஓடும். கலிஃபோர்னியாவின் தாமஸ் அக்குவைனஸ் கல்லூரியில் மேஜரே கிடையாது. எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், கணிதம் யூக்ளிடின் மூலநூலிலிருந்து தொடங்கும். கணக்காளராக நினைக்கும் பிள்ளைக்கு அது இடமல்ல.

இனி திரும்பி வருவது. வெளிநாட்டுப் பட்டத்தை இங்கே மதிப்பிடுவது தேசியத் தகுதி அமைப்பான சாக்வா. கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது முதல் நிபந்தனை. சில சின்னக் கத்தோலிக்கக் கல்லூரிகள் இன்னும் அங்கீகாரத்துக்குக் காத்திருக்கும் ‘கேண்டிடேட்’ நிலையில் இருக்கும், அமெரிக்கக் கல்வித் துறையின் தரவுத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். நம் கிரெடிட்டும் அவர்கள் கிரெடிட்டும் ஒன்றல்ல. இங்கே ஒரு கிரெடிட் 10 மணி நேர உழைப்பு, மூன்றாண்டு பி.ஏ. 360. அங்கே ஒரு கிரெடிட் சுமார் 45 மணி நேரம், 120க்கு 5,400 மணி. நம் கணக்கில் 540 வருகிறது, நான்காமாண்டு ஆனர்ஸையும் சேர்த்த 480ஐத் தாண்டிவிட்டதே என்று தோன்றும். ஆனால் மணிக்கணக்கு மட்டும் நிலையைத் தீர்மானிப்பதில்லை, ஆனர்ஸுக்குச் சமம் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். அங்கே ‘ஆனர்ஸ் புரோகிராம்’ என்பது கெட்டிக்கார மாணவர்களுக்கான தனி வகுப்புகள் மட்டுமே, நம் நான்காமாண்டு ஆனர்ஸ் பட்டம் அல்ல.

பட்டம் செல்வது வேறு, தொழில் உரிமம் வேறு. நர்சிங்குக்கு நர்சிங் கவுன்சில், ஆசிரியப் பணிக்கு சேஸ், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டுக்கு சைக்கா என்று அந்தந்தத் தொழிலின் அமைப்பு ஒவ்வொன்றும் தன் சொந்த நிபந்தனை வைக்கும். சேருவதற்கு முன்பே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘பிரி-லா’, ‘பிரி-மெட்’ என்பவை பட்டமே அல்ல, அங்கே சட்டமும் மருத்துவமும் பட்டத்துக்குப் பிறகு படிப்பவை. இங்கே மெட்ரிக் முடித்தவுடன் எல்.எல்.பி.யில் சேரலாம் என்பதை மறக்க வேண்டாம். பொறியியலுக்கு ‘3-2’ என்றொரு வழி உண்டு: மூன்று வருடம் கல்லூரியில், இரண்டு வருடம் கூட்டுப் பல்கலைக்கழகத்தில், முடிவில் இரண்டு பட்டம். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு, அங்கே பொறியியல் படிப்புகளை மதிப்பிடும் ஏபெட் அமைப்பின் அங்கீகாரம் இருந்தால், நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று மதிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் வழியே இங்குள்ள பொறியியல் கவுன்சிலான எக்சா அதைக் கருதும். ஆனால் முதல் கல்லூரி தந்த உதவித்தொகை பொதுவாகக் கூடவே வராது.

விண்ணப்பக் கெடு பெரும்பாலும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில். மெட்ரிக் முடிவோ ஜனவரியில்தான். ஆகவே பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணும் பிரிலிம் (மெட்ரிக்குக்கு முந்தைய பள்ளித் தேர்வு) மதிப்பெண்ணும்தான் போகும். நம்மிடம் 80 வாங்கினாலே உச்சநிலையான 7. அங்கே அது வெறும் ‘பி’யாகத் தெரியும். மதிப்பெண் பட்டியலோடு அளவுகோல் விளக்கத்தையும் பள்ளி இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கோரில் இருக்கும் வேற்றுமொழிக் கட்டாயம். மகளுக்குத் தமிழோ இசிசூலுவோ நன்றாகப் பேச வருமானால், மொழித்திறனை அளக்கும் அமெரிக்க அமைப்பான ஆக்ட்ஃபுலின் வாய்மொழித் தேர்வில் இரண்டு மொழிகளும் உண்டு. அந்த மதிப்பெண்ணை ஏற்று விலக்குத் தருவார்களா என்று பதிவாளரிடம் முதலிலேயே கேளுங்கள். தந்தால் இரண்டு, மூன்று பாடம் மிச்சமாகும்.