பிரஸ்ஸல்ஸ் காமிக்ஸ் சுவர்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

ஊர் திருநெல்வேலிப் பேட்டை. வேலைக்காகச் சில வருடம் பிரஸ்ஸல்ஸில் இருந்தேன். அங்கே தெருச்சுவர்களில் இருக்கும் காமிக்ஸ் ஓவியங்களை நடந்தே பார்ப்பது பற்றி நம்ம பக்கத்து லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

தென்காசி: அண்ணாச்சி, அரை நாள்தான் இருக்கு. எங்கே ஆரம்பிக்க?

சென்ட்ரல் ஸ்டேஷன். வெளியே வந்தால் பக்கத்திலேயே ஒரு நடைபாதையின் கூரை முழுக்க ஸ்மர்ஃப் என்ற நீலக் குட்டி மனிதர்கள், அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து கிராண்ட் பிளாஸ் சதுக்கம் வழியாக ரூ த லெத்தூவ் தெரு. கூட்டமெல்லாம் ஒண்ணுக்குப் போகும் பையன் சிலையை நோக்கி ஓடும், நீங்கள் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நில்லுங்கள். ஒரு மொட்டைச் சுவரில் இரும்புப் படிக்கட்டு, அதில் இளம் நிருபர் டின்டினும் அவன் நண்பர் கேப்டன் ஹேடாக்கும் நாயும் இறங்கி வருகிறார்கள். படிக்கட்டும் பெயின்ட்தான், தூரத்திலிருந்து நிஜம் மாதிரியே தெரியும். அடுத்து ரூ துய் மார்ஷே ஓ ஷார்போன் தெருவில் 1991-இல் வரைந்த முதல் சுவர், ப்ரூஸாய் என்ற காமிக்ஸ் நாயகன். பிறகு பெரிய சாலையைத் தாண்டி ரூ த லா புவாந்தெரி போனால் கௌபாய் லக்கி லூக்கும் டால்டன் கொள்ளையர்களும், அதே தெருவில் கால் நாட்டு வீரன் ஆஸ்டெரிக்ஸும். மாரோல் பகுதிச் சுவர்களை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

ஒன்று மட்டும்: படம் ஃபிரேமுக்குள் அடங்கவில்லையென்று பின்னாலேயே நடந்து சாலையில் இறங்காதீர்கள். அங்கே வண்டி வலது ஓரமாகப் போகும். நாம் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்து இறங்குவோம், முதல் வண்டி இடப்பக்கமிருந்து வரும்.

வள்ளியூர்: நுழைவுக் கட்டணம் உண்டா?

தெருச்சுவர், தம்பி. இலவசம்.

அம்பாசமுத்திரம்: டின்டின் சுவரை ஹெர்ஜேயே வரைந்தாரா?

டின்டினை உருவாக்கிய ஹெர்ஜே 1983-லேயே காலமாகிவிட்டார். பெரும்பாலும் காமிக்ஸ் ஓவியரின் படத்தை எடுத்துச் சுவரோவியக் கலைஞர்கள் பெரிதாக்கி வரைவார்கள். பக்கத்து வீடு இடிந்து அசிங்கமாக நின்ற மொட்டைச் சுவர்களை மூடுவதற்காக நகராட்சி ஆரம்பித்த வேலை இது. காலியிடத்தில் புதுக் கட்டடம் எழும்பினால் ஓவியம் மறைந்துவிடும், அதனால் பழைய வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள்.

பாளையங்கோட்டை: ஆஸ்டெரிக்ஸ் பிரெஞ்சுக்காரங்க சொத்து. பெல்ஜியம் சுவரில் என்ன வேலை? ஏமாத்து வேலைதானே?

வேய், கால்வாய்க்கரையில் காமிக்ஸ் கடலோடி கார்ட்டோ மால்டீஸும் நிற்கிறார், வரைந்த ஹ்யூகோ ப்ராட் இத்தாலிக்காரர். அவருக்கும் நோட்டீஸ் அனுப்பலாமா?

சங்கரன்கோவில்: விசா எப்படி எடுப்பது?

தூதரகத் தளத்தைப் பாருங்கள். என் வேலை சுவர் மட்டும்.

பாளையங்கோட்டை, மறுபடியும்: மழுப்பாதீங்க. லக்கி லூக் மாதிரி அசல் பெல்ஜியச் சரக்கு மட்டும் போதாதா?

அசலா? வரைந்த மோரிஸ் பெல்ஜியத்துக் கோர்ட்ரை ஊர்க்காரர், சுத்த பெல்ஜியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1955-லிருந்து அதற்குக் கதை எழுதியவர் யார்? ரெனே கோசினி, பிரெஞ்சுக்காரர். ஆஸ்டெரிக்ஸ் எழுதிய அதே கோசினி! நீங்கள் சிவகாசிப் பதிப்பில் விழுந்து விழுந்து சிரித்த டால்டன் கூத்தெல்லாம் அவர் கைவண்ணம். நம்ம அல்வாவை இந்த ஊருக்குக் கொண்டுவந்த குடும்பம் வடக்கேயிருந்து வந்தது, அதற்காக டவுனில் யாராவது வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்களா?

கல்லிடைக்குறிச்சி: நாங்கள் சைவம். நடக்கும்போது என்ன சாப்பிட?

உருளைக்கிழங்கு வறுவல்தானே என்று தெருக்கடையில் வாங்கிவிடாதீர்கள், மதினி. பல கடைகளில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

களக்காடு: டிக்கெட் எவ்வளவு அண்ணே?

மேலே வள்ளியூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். ரூ தெ சாப்ல் தெருவில் இருக்கும் காமிக்ஸ் அருங்காட்சியகத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டு. கட்டடக் கலைஞர் விக்டர் ஓர்ட்டா கட்டிய பழைய துணிக்கடைக் கட்டடம், கண்ணாடிக் கூரைக்காகவே போகலாம்.

நாங்குநேரி: டிசம்பரில் போனால்?

சாயங்காலம் ஐந்துக்குள் இருட்டிவிடும், மழையில் கல் பாவிய தெரு வழுக்கும். ஜூன் என்றால் ராத்திரி பத்து வரை வெளிச்சம். எப்போது போனாலும் பின்னாலேயே நடக்காதீர்கள், இடப்பக்கம் பாருங்கள்.

பாளையங்கோட்டை: அல்வா உதாரணம் செல்லாது. ஸ்மர்ஃபாவது பெல்ஜியமா?

உருவாக்கியவர் பெயோ, பிரஸ்ஸல்ஸ்காரர், ஆண்டு 1958. போதுமா? நேரே ஸ்டேஷன் கூரைக்குப் போய் அண்ணாந்து பாரும்.