ப்ளாட்ஹெட் மீனுக்கு எத்தனை பவுண்டு நூல், எத்தனை பவுண்டு லீடர்? சியாக்காப்புக்குப் போடும் 30 பவுண்டே போதுமா?

கேட்டவர் பாகான் டத்தோ பக்கம் சியாக்காப்புக்கு, அதாவது கொடுவா மீனுக்கு, தூண்டில் போடுகிறவர். அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவில், கோல்ட் கோஸ்ட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறார். அங்கே எல்லாரும் ப்ளாட்ஹெட் பிடிக்கிறார்களாம். மெசினில் (நூல் சுற்றும் ரீலில்) இப்போது இருக்கும் 30 பவுண்டு நூலையும், அதன் முனையில் கொக்கிக்கு முன்னால் கட்டும் துண்டு நூலான 40 பவுண்டு லீடரையும் அப்படியே கொண்டுபோகலாமா என்பது கேள்வி.

வேண்டாம், மாற்றிவிடுங்கள். 10 பவுண்டு பின்னல் நூல், அதன் முனையில் ஒன்றரை மீட்டருக்கு 12 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர். ரப்பர் மீன் போட்டு இழுப்பதற்கு இது தாராளம். இரை வைத்துக் காத்திருப்பதென்றால் லீடரை மட்டும் 20 ஆக்கிக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கடைக்குக் கிளம்பலாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் 10 பவுண்டு நூலை நம்ப நம் ஊர்க்காரர் யாருக்கும் மனசு வராது.

நான் இருப்பது ஊத்தான் மெலிந்தாங். மூன்று பக்கம் செம்பனையும் தென்னையும், ஒரு பக்கம் பெர்னாம் ஆறு. தோட்டத்தில் வேலை, லீவு நாளில் தூண்டில். அக்கா குடும்பம் பிரிஸ்பேனில் இருப்பதால், போகும்போதெல்லாம் மச்சானோடு மோர்ட்டன் விரிகுடா, ஜம்பின்பின் என்று ப்ளாட்ஹெட்டுக்குச் சுற்றுவது வழக்கம். இரண்டு தண்ணீரையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நம் பக்கம் கனமான நூல் போடுவதற்கு மீனின் எடை மட்டும் காரணமில்லை. சியாக்காப் கொத்திய மறு நொடி பாக்காவ் என்கிற கண்டல் மர வேருக்குள்ளோ, சிப்பி ஒட்டிய ஜெட்டிக் கம்பத்துக்கோ ஓடும். இரண்டு மீட்டர் விட்டுக்கொடுத்தால் மீனும் போச்சு, தூண்டிலும் போச்சு. அதனால் அதை அந்த இடத்திலேயே நிறுத்துகிற நூல் வேண்டும். அதற்கு மேல், அதன் செவுள் மூடியின் ஓரம் மெல்லிய லீடரை வெட்டிவிடும். டீக்கடையில் யாரிடம் கேட்டாலும், “எடுத்தா 30 எடு, அறுந்தா யாரு குடுப்பா?” என்றுதான் சொல்வார்கள். பெர்னாமுக்கு அது சரியான பேச்சு.

ப்ளாட்ஹெட் வேறு ஜாதி. நம் பாஜி மீனின் குடும்பம்தான். மணலுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே வைத்துப் படுத்திருக்கும்; பக்கத்தில் எது வந்தாலும் எழும்பி விழுங்கும். குயின்ஸ்லாந்து முகத்துவாரங்களில் நீங்கள் தேடப்போவது டஸ்கி ப்ளாட்ஹெட். அந்தக் குடும்பத்திலேயே பெரியது, ஒரு மீட்டரைத் தாண்டியும் வளரும். ஆனால் அது ஓடினால் எங்கே ஓடும்? பெரும்பாலும் திறந்த மணலில்தான். பத்து மீட்டர் ஓடினாலும் ஒளிய வேரும் இல்லை, கம்பமும் இல்லை. நிறுத்த வேண்டிய அவசியமே கிடையாது. ஓடட்டும், களைக்கட்டும், திரும்பி வரும். நிறுத்த வேண்டாத மீனுக்கு நிறுத்துகிற நூல் எதற்கு?

இருந்தால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். கெடுதல் இருக்கிறது, அது நூலின் தடிமனில் இருக்கிறது. ப்ளாட்ஹெட் அடியில் கிடக்கிற மீன். ரப்பர் மீனும் அடியில்தான் குதித்துக் குதித்து வர வேண்டும்: கோலை ஒருமுறை தூக்கி விடுகிறீர்கள், ஜிக் (ரப்பர் மீனைக் கோக்கும் ஈயத் தலைக் கொக்கி) மேலே எழும்பி, மறுபடி இறங்கி, மணலைத் தொட்டு ஒரு சின்னத் தூசி கிளப்பும். அந்த இறக்கத்தில்தான் பெரும்பாலும் கொத்தும். இப்போது நூல் கணக்கைப் பாருங்கள். பின்னல் நூலின் தடிமனைச் சொல்லும் ஜப்பான் அளவான பிஇ எண்ணில், பிஇ 1 நூலின் விட்டம் சுமார் 0.165 மில்லிமீட்டர். 30 பவுண்டு என்று விற்கிற பிஇ 2.5, 3 எல்லாம் 0.26 முதல் 0.285 வரை போகும். ஒன்றரை மடங்குக்கு மேல் தடிமன். வற்றம் இழுக்கும்போது அந்தத் தடிமனை நீரோட்டம் பிடித்துத் தள்ளும், நூல் வளைந்து தொங்கும், 7 கிராம் ஜிக் அடியைத் தொடாமலே மிதந்து வரும். சரி, ஜிக்கை 20 கிராம் ஆக்கலாமே என்றால், அது தொப்பென்று விழுந்து கிடக்கும், ரப்பர் மீனுக்கு அசைவே இருக்காது. எறிகிற தூரமும் குறையும். ஒரு நாள் முழுக்க எறிந்து, இந்த இடத்தில் மீனே இல்லை என்று திரும்புவீர்கள். மீன் அங்கேதான் இருந்திருக்கும், உங்கள் ஜிக்குக்கு ஒரு மீட்டர் கீழே.

மெயின் லைன் மெல்லியதாக இருப்பதில் இன்னொரு லாபம், கொத்து கைக்குத் தெரியும். பின்னல் நூல் நீளாது. ஜிக் மணலில் படுவதும், கல்லில் படுவதும், மீன் ‘டொக்’ என்று தட்டுவதும் தனித்தனியாகக் கைக்கு வரும். தங்கூசி, அதாவது ஒற்றை நைலான் நூல், நீளும், அதனால் தூரத்தில் நடப்பது மழுங்கித்தான் வரும். பழைய ஆட்கள் தங்கூசியிலேயே மலைபோல் பிடித்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. புதிதாக வாங்குகிறவருக்குப் பின்னல் நூல்தான் என் சிபாரிசு.

கடையில் பவுண்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் 10 பவுண்டும் இன்னொன்றின் 20 பவுண்டும் கையில் பிடித்தால் ஒரே தடிமனாக இருக்கும். பெட்டியில் எழுதுவது அவரவர் தாராள மனசு. தெலுக் இந்தான் கடையில் தவுக்கேயிடம் பிஇ எண்ணைக் கேளுங்கள். 0.8 அல்லது 1. அதற்கு மேல் போக வேண்டாம். 2500 அளவு மெசின், ஏழு அடிக் கோல். ஆஸ்திரேலியக் கோல்களில் கிலோ கணக்கில் எழுதியிருக்கும்; 2–4 கிலோ அல்லது 3–5 கிலோ என்று இருப்பதை எடுங்கள். 10 பவுண்டு என்பது நாலரைக் கிலோ.

இனி லீடர். உண்மையில் யோசிக்க வேண்டியது இங்கேதான். ப்ளாட்ஹெட் நூலைக் கடித்து வெட்டாது. அதன் வாய்க்குள் சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக இருக்கும், விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி. தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் தலையைப் பக்கவாட்டில் உதறும், பாருங்கள், அந்த உதறலில்தான் லீடர் அந்தப் பற்களில் தேயும். ஒரு மீனில் அறாது. இரண்டாவது மூன்றாவது மீனில், அதுவும் படகு ஓரத்தில், பட்டென்று போகும். ஆகவே லீடரின் வேலை பலம் காட்டுவதை விடத் தேய்மானத்தைத் தாங்குவது. நம் பெராம்புட் (கொக்கி கட்டும் துண்டு நூல்) கட்டும்போது எடையைத்தான் யோசிப்போம். இங்கே தேய்மானத்தை யோசியுங்கள். ஃபுளோரோகார்பன் மீன் கண்ணுக்குத் தெரியாது என்று விளம்பரம் செய்வார்கள். அதன் ஒளிவிலகல் எண் 1.42 பக்கம், தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கு மேல். அந்தக் கணக்கு உண்மைதான். ஆனால் எதிரே வந்ததை எல்லாம் விழுங்குகிற இந்த மீன் நூலைப் பார்த்து யோசிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் ஃபுளோரோ போடுவது அது தேய்வைத் தாங்குவதற்கும், நைலானை விட வேகமாகத் தண்ணீரில் இறங்குவதற்கும்தான்.

12 பவுண்டு ஃபுளோரோ சுமார் 0.28 மில்லிமீட்டர். மூன்று, நான்கு அங்குல ரப்பர் மீனுக்கு இது சரி, ஏனென்றால் கொக்கி பெரும்பாலும் வாய் ஓரத்தில்தான் மாட்டும். லீடர் பற்களுக்கு வெளியே இருக்கும். இரை வைத்தால் கதை மாறுகிறது. காத்திருக்கும் நேரத்தில் மீன் முழுதாக விழுங்கிவிடும், கொக்கி தொண்டையில், லீடர் பல் வரிசை முழுவதற்கும் குறுக்கே. அதனால்தான் இரைக்கு 20 என்றேன். நூலில் ஓடுகிற ஈயம், ஒரு கிலி (நூல் முறுக்காமல் சுழலும் சின்ன இணைப்பு), அதற்குப் பின் அரை மீட்டர் லீடர், முனையில் கொக்கி. இதற்கு நைலானே போதும், விலை கொடுத்து ஃபுளோரோ போட வேண்டியதில்லை.

ஒவ்வொரு மீனுக்கும் பிறகு லீடரின் கடைசி ஒரு சாணைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து இழுத்துப் பாருங்கள். சொரசொர என்று பட்டால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். ஒன்றரை மீட்டர் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்: வெட்ட வெட்டக் குறையும், அரை மீட்டர் ஆனதும் புது லீடர். சோம்பல்படுகிறவர்கள்தான் 30 பவுண்டு லீடருக்குப் போகிறார்கள். ஒரு வகையில் அதுவும் தீர்வுதான், ஆனால் 0.47 மில்லிமீட்டர் லீடரை மெல்லிய பின்னல் நூலோடு கட்டினால் முடிச்சு பருத்து, கோல் வளையத்தில் தட்டி, எறிதலைக் கெடுக்கும்.

அறுந்தால் முனையைப் பார்க்காமல் வெட்டி எறியாதீர்கள், அது நடந்ததைச் சொல்லும். பஞ்சு போல் பிரிந்து, மேலே ஒரு சாண் வெளுத்திருந்தால் தேய்மானம், அதாவது ப்ளாட்ஹெட். கத்தரித்தது போல் வழவழப்பாக இருந்தால் டெய்லர் என்கிற பல்லு மீனோ, நம் புந்தால் மாதிரியான பேத்தையோ கடித்திருக்கிறது. அதற்காக லீடரை ஏற்றினால் வீண், இடத்தை மாற்றுங்கள். முனை சுருண்டு வால் மாதிரி இருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது, நூலைத் திட்ட வேண்டாம்.

முடிச்சு என்றால், பின்னல் நூலையும் லீடரையும் சேர்க்க எஃப்ஜி முடிச்சு. மெல்லியதாக வளையத்தில் வழுக்கிப் போகும். படகில் ஆடிக்கொண்டு அதைக் கட்ட வராவிட்டால் இரட்டை யூனி போதும். ஃபுளோரோ முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே பலம் போய்விடும்.

மீன் இழுத்தால் மெசின் நூல் விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, அதாவது டிராக்கை, ஏற்றி முறுக்கி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அங்கே அதை விட்டுவிடுங்கள். நூல் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 10 பவுண்டுக்கு ஒன்றேகால் கிலோ அளவில். மீன் எடை போடுகிற தொங்கு தராசை லீடர் முனையில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மீன் பக்கத்தில் வந்ததும் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்காதீர்கள், தூக்கினால்தான் உதறும். தலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து வலைக்குள் தலைமுன்னாக நடத்துங்கள். மச்சான் இதை, “தூக்காத, கூட்டிட்டு வா” என்பார். வலையில் ஏறியதும் கன்னத்து முள்ளில் கை வைக்காதீர்கள், அது குத்தினால் ரத்தம் நிற்க நேரமாகும். துணி அல்லது வாய்ப்பிடி வைத்துப் பிடியுங்கள்.

பெரிய மீனுக்கென்றே முகத்துவாரத்தில் ஒரு சாண் நீள ரப்பர் மீன் எறிபவர்கள் 15 முதல் 20 பவுண்டு நூல், 20 முதல் 30 பவுண்டு லீடர் போடுவார்கள். அவ்வளவு பெரிய கொக்கியைத் தாடையில் ஏற்றவும், மீனை இழுத்தடிக்காமல் சீக்கிரம் கொண்டுவரவும் அது தேவை. சீக்கிரம் என்று சொல்லக் காரணம் உண்டு: குயின்ஸ்லாந்தில் டஸ்கி 40 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் விட வேண்டும், 75க்கு மேல் போனாலும் விட வேண்டும், கையில் ஐந்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அந்தப் பெரியவை எல்லாம் முட்டையிடும் பெண் மீன்கள். கோல்ட் கோஸ்ட்டிலிருந்து தெற்கே எல்லை தாண்டினால் நியூ சவுத் வேல்ஸ். அங்கே 36 முதல் 70, அதோடு மீன்பிடிக் கட்டணமும் கட்ட வேண்டும். குயின்ஸ்லாந்தில் கடலிலும் முகத்துவாரத்திலும் தூண்டில் போட லைசென்ஸ் கிடையாது. விதி மாறக்கூடியது, போவதற்கு முன் அந்தந்த மாநில அரசின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சூப்பர் மார்க்கெட்டில் சமைக்க விற்கும் பச்சை இறாலை இரையாகப் போடாதீர்கள். 2016இல் லோகன் ஆற்று இறால் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் வந்ததிலிருந்து அதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். தூண்டில் கடையில் இரைக்கென்று விற்பதை வாங்குங்கள்.

கோலும் மெசினும் இங்கிருந்து எடுத்துப்போவதாக இருந்தால், பெர்னாம் சேறு ஒரு துளி இல்லாமல் கழுவிக் காயவைத்து, விமானத்தில் தரும் அட்டையில் மறைக்காமல் எழுதுங்கள். பழைய பூட்ஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மண் ஒட்டியிருந்தால் ஏர்போர்ட்டில் நிறுத்தி வைத்துவிடுவார்கள், அண்ணன் வெளியே காத்துக்கொண்டு நிற்பார்.